நெடுஞ்சாலையில் கார் நின்றால் கைகொடுக்கும் கருவிகள்: 120 பீஸ் டூல் கிட் வாங்கலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். புதிதாக ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக் எடுத்திருக்கிறீர்கள். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு அடிக்கடி போய் வர வேண்டியிருக்கிறது, கூட வயதான அம்மாவும் சின்னக் குழந்தையும் வருவார்கள், பெரும்பாலும் ராத்திரிப் பயணம். ஆன்லைனில் 120 பீஸ் டூல் கிட் ஒன்று கண்ணில் பட்டது, அதை வாங்கி டிக்கியில் போட்டுவிட்டால் போதுமா என்று கேட்கிறீர்கள்.

போதாது. சொல்லப்போனால் அந்தப் பெட்டியே உங்களுக்குத் தேவையில்லை. அதில் பாதிக்கு மேல் சின்னச் சின்ன சாக்கெட்டும் பிட்டும்தான் இருக்கும், வீல் நட்டுக்குப் பொருந்தும் சாக்கெட் பல கிட்டுகளில் இருக்கவே இருக்காது, இருந்தாலும் அந்தக் கைப்பிடியின் நீளத்துக்கு நட்டு அசையாது. ஃபியூயல் பம்ப் போய்விட்டால், கிளட்ச் தேய்ந்துவிட்டால், டைமிங் பெல்ட் அறுந்துவிட்டால், எவ்வளவு பெரிய டூல் கிட் இருந்தாலும் உளுந்தூர்பேட்டை பைபாஸில் நின்றபடி யாராலும் சரிசெய்ய முடியாது, வண்டியைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். வழியில் நீங்களே சமாளிக்கக்கூடியவை நாலே நாலு: டயர், பேட்டரி, இன்ஜின் சூடு, அப்புறம் ஃபியூஸ், சாவி பேட்டரி, தொங்கும் பிளாஸ்டிக் மாதிரி சில்லறைத் தொல்லைகள். இந்த நாலுக்கும் தரமான பொருளாகக் கொஞ்சமாக வாங்குங்கள். வாங்கியதை எல்லாம் உங்கள் காரிலேயே, பகல் வெளிச்சத்தில், வீட்டு வாசலில் ஒரு தடவை பயன்படுத்திப் பாருங்கள். இந்த இரண்டாவது பாதியை யாரும் செய்வதில்லை, அதனால்தான் டிக்கி நிறைய சாமான் இருந்தும் ராத்திரி ரோட்டில் தவித்து நிற்கிறார்கள்.

ஆனால் டயரைக் கழற்றுவதற்கு முன்னால், நின்ற இடத்தில் பத்திரமாக இருக்க வேண்டும். பஞ்சரால் யாரும் சாவதில்லை, பஞ்சர் ஒட்ட நின்ற காரில் பின்னால் வரும் லாரி மோதித்தான் சாகிறார்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் வருகிறது. காருக்குப் பின்னால் 50 மீட்டரில் எச்சரிக்கை முக்கோணத்தை வைத்தால் அந்த டிரைவருக்குக் கிடைப்பது இரண்டு விநாடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதனால் நாலுவழிச் சாலையில் நூறு தப்படியாவது பின்னால் நடந்துபோய் வையுங்கள், வளைவு இருந்தால் வளைவுக்கு முன்னாலேயே வையுங்கள். நடக்கும்போதே அதைப் பிரித்து, வரும் வண்டிகளுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நடக்க வேண்டும். காரோடு வரும் முக்கோணம் பெரும்பாலும் எடை குறைவு, பஸ் ஒன்று கடந்தாலே அந்தக் காற்றில் விழுந்துவிடும், அடியில் ஒரு கல்லை வைத்துவிடுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லையும் எடுத்து ஓரமாக எறிந்துவிட்டு வர வேண்டும். நம் ஊரில் கல்லும் மரக்கிளையும் அடுக்கி வைத்துவிட்டு வண்டி சரியானதும் அப்படியே விட்டுவிட்டுப் போகிற பழக்கம் ஒன்று இருக்கிறது, அடுத்து பைக்கில் வருகிறவர் அதில்தான் விழுகிறார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஒளி பட்டால் மின்னும் வெஸ்ட் இரண்டு வாங்குங்கள், ரோடு வேலை செய்பவர்கள் போட்டிருப்பார்களே அதே பச்சை மஞ்சள் சட்டைதான், பெரிய விலை இல்லை. அதை டிக்கியில் வைக்காதீர்கள், டிரைவர் கதவுப் பையில் வையுங்கள், இறங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டிய சாமான் அது. நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிடுங்கள், ராத்திரியில் பார்க்கிங் லைட்டும் எரியட்டும். அம்மாவையும் குழந்தையையும் இடது பக்கக் கதவு வழியாக இறக்கி, இரும்புத் தடுப்பு இருந்தால் அதற்கு அந்தப் பக்கம், இல்லையென்றால் சாலையை விட்டு நன்றாகத் தள்ளி உட்கார வையுங்கள். காருக்கு முன்னால் நிற்க வேண்டாம், பின்னாலிருந்து வண்டி ஏதாவது இடித்தால் கார் முன்பக்கம்தான் பாயும். காருக்குள் ஏசி போட்டுக்கொண்டு காத்திருப்பது வசதிதான், ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில் அதைவிட ஆபத்தான இடம் கிடையாது. இதற்கு ஒரே விலக்கு காட்டுச் சாலை. முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் வண்டி நின்றால் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருங்கள், வேறு வண்டியை நிறுத்தி வனத்துறை சோதனைச்சாவடிக்குத் தகவல் சொல்லி அனுப்புங்கள்.

வலது பக்க டயர் பஞ்சர் என்றால், அதாவது வண்டிகள் போகும் பக்கம், அந்த இடத்தில் உட்கார்ந்து கழற்றவே கூடாது. காற்று இறங்கிய டயரோடு மெதுவாக, பத்து இருபது வேகத்தில், பெட்ரோல் பங்க்கோ லாரிகள் நிற்கும் இடமோ டோல்கேட்டோ வரும் வரை உருட்டிக்கொண்டு போங்கள். டயர் போகும், ரிம்மும்கூட அடிபடும். போகட்டும். உயிரோடு ஒப்பிட்டால் ஒரு டயர் விலை ஒன்றுமே இல்லை.

சரி, டயருக்கு வருவோம். நீங்கள் முதலில் வாங்க வேண்டியது ஸ்பேனர் இல்லை, காற்று அடிக்கிற 12 வோல்ட் கம்ப்ரெஸர். ஏன் என்று சொல்கிறேன். உங்கள் காரில் இருப்பது ட்யூப்லெஸ் டயர். ஆணி ஏறினால் பெரும்பாலும் உடனே காற்று போய்விடாது, ஆணியே துளையை அடைத்துக்கொண்டு மெதுவாகத்தான் இறங்கும். அதைப் பிடுங்காமல், காற்றை நிரப்பிக்கொண்டு அடுத்த ஊர் பஞ்சர் கடை வரை மிதமான வேகத்தில் போய்விடலாம். ஜாக்கி போட வேண்டாம், சாமான் எல்லாம் இறக்க வேண்டாம், இருட்டில் ரோட்டோரம் மண்டியிட வேண்டாம். விராலிமலைக்கும் மேலூருக்கும் நடுவே ராத்திரி இரண்டு மணிக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று ஒரு தடவை பட்டால்தான் தெரியும். வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள்: வயர் உங்கள் காரின் முன்பக்க சாக்கெட்டிலிருந்து பின் டயர் இரண்டுக்கும் எட்டுகிறதா, உள்ளே இருக்கும் சிலிண்டர் உலோகத்தில் செய்ததா. இன்ஜினை ஓடவிட்டபடி அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பஞ்சரோடு பேட்டரியும் இறங்கிவிடும். பத்து நிமிடம் தொடர்ந்து ஓடினால் கம்ப்ரெஸருக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள், கையால் தொட முடியாத அளவுக்குச் சூடாகிவிடும். எவ்வளவு பிஎஸ்ஐ, அதாவது எவ்வளவு காற்றழுத்தம் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும், ஆள் நிறைய இருந்தால் எவ்வளவு என்பதும் பெரும்பாலும் அதிலேயே தனியாகப் போட்டிருக்கும். டயர் ஆறியிருக்கும்போது பார்க்கிற கணக்கு அது.

ஆணி விழுந்துவிட்டது, துளை திறந்துகொண்டது என்றால் பஞ்சர் கிட் வேண்டும். துளையைத் தேய்த்து அகலப்படுத்தும் ரீமர், கண் உள்ள பெரிய ஊசி, பிசின் தடவிய ரப்பர் ஸ்ட்ரிப், இதோடு ஒரு கட்டிங் பிளேயர், பிளேடு. ரீமரை ஆணி எந்தச் சாய்வில் ஏறியதோ அதே சாய்வில் விட்டு நாலைந்து தடவை நன்றாகத் தேய்க்க வேண்டும், இதற்கு நிஜமாகவே கை பலம் வேண்டும். பிறகு ஸ்ட்ரிப்பை ஊசியில் கோத்து, இரண்டு நுனியும் கொஞ்சம் வெளியே நிற்கிற வரை உள்ளே தள்ளி, ஊசியைச் சட்டென்று உருவினால் ஸ்ட்ரிப் உள்ளே தங்கிவிடும். காற்றடித்து, மேலே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், குமிழ் வராவிட்டால் சரி. டயரில் ரோட்டைத் தொடும் நடுப்பகுதிக்கு மட்டும்தான் இது. பக்கச் சுவரில் கிழிந்திருந்தால் எந்த ஸ்ட்ரிப்பும் வைக்காதீர்கள், ஓட்டம் முழுக்க வளைந்து நிமிர்கிற இடம் அது, வேகத்தில் வெடிக்கும். வழியில் வைத்த ஸ்ட்ரிப்பை ஊருக்குப் போனதும் டயரைக் கழற்றி உள்பக்கமிருந்து பேட்ச் போட்டுக்கொள்வது நல்லது.

இப்போது ஸ்டெப்னி. முதலில் உங்கள் காரில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று டிக்கி மேட்டைத் தூக்கிப் பாருங்கள், விளையாட்டாகச் சொல்லவில்லை. 2020-ல் விதியைத் திருத்தினார்கள், ட்யூப்லெஸ் டயர், டயர் காற்றழுத்தம் காட்டும் அமைப்பு, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கொடுக்காமலே காரை விற்கலாம். அப்படிப்பட்ட கார்களில் அந்தக் குழியில் ஒரு சீலண்ட் (டயருக்குள் ஏற்றினால் துளையை அடைக்கும் திரவம்) பாட்டிலும் கம்ப்ரெஸரும்தான் இருக்கும். சீலண்டுக்குக் காலாவதித் தேதி உண்டு, பாருங்கள். பக்கச் சுவர் கிழிசலுக்கு அது உதவாது என்பதும் நினைவிருக்கட்டும். ஸ்டெப்னி இருந்தால், அது மற்ற நாலு டயரின் அளவுதானா, சின்னதா என்று பாருங்கள். சின்னதாக இருந்தால் அதன் மேலேயே 80 கிலோமீட்டர் வேக வரம்பு எழுதியிருக்கும். பஞ்சர் கடை வரை போவதற்குத்தான் அது, அதைப் போட்டுக்கொண்டு திருநெல்வேலி வரை போகிற யோசனை வேண்டாம்.

ஸ்டெப்னி மாற்றுவதில் எல்லாரும் தோற்கும் இடம் ஒன்றுதான், நட்டு கழலாது. ஒர்க்‌ஷாப்பில் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கிய நட்டை, கம்பெனி கொடுத்த ஒரு சாண் எல் ஸ்பேனரால் அசைக்க முடியாது. நீட்டிக்கொள்ளக்கூடிய வீல் ஸ்பேனர் அல்லது அரை அங்குல சாக்கெட் மாட்டும் பிரேக்கர் பார் என்கிற நீளக் கைப்பிடி, அதோடு உங்கள் நட்டுக்குச் சரியான ஒரே ஒரு சாக்கெட், இதை ஹார்டுவேர் கடையில் வாங்கிவிடுங்கள். அளவு காருக்குக் கார் மாறும், 17, 19, 21 மில்லிமீட்டர் மூன்றும் நம் ஊர்க் கார்களில் உண்டு, உங்களுடையது என்ன என்று போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். அலாய் வீலுக்குத் திருட்டு பயத்தில் லாக் நட் போட்டிருந்தால் அதன் சாவி இல்லாமல் எதுவும் நடக்காது, அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடுங்கள்.

செய்யும் முறை: சமமான தரை, கைபிரேக், முதல் கியர், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க். கழற்றும் டயருக்கு மூலைவாட்டத்தில் இருக்கும் டயருக்கு முன்னும் பின்னும் கல் அல்லது கட்டை. டயர் தரையில் இருக்கும்போதே எல்லா நட்டையும் அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும், தூக்கிய பிறகு தளர்த்தப் போனால் டயர் சுற்றும், கார் ஜாக்கியிலிருந்து சரியும். ஜாக்கிக்கு அடியில் ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் தடித்த பலகை ஒன்று வையுங்கள். நம் சாலையோரம் பெரும்பாலும் மண், மழை பெய்திருந்தால் கார் மேலே போவதற்குப் பதில் ஜாக்கி கீழே போகும். மரக்கடையில் கேட்டால் துண்டுப் பலகை சும்மாவே கொடுப்பார்கள், டிக்கியில் இருக்கிற மிக உபயோகமான பொருள் அதுதான் என்பேன். ஜாக்கி பொருந்தும் இடம் கதவுக்குக் கீழே விளிம்பில் இரண்டு வெட்டுக்கு நடுவே இருக்கும், வேறு எங்கே வைத்தாலும் தகடு நசுங்கும். தூக்கியதும் ஸ்டெப்னியைக் காருக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள், ஜாக்கி நழுவினாலும் கார் அதன் மேல் உட்காரும், உங்கள் கை தப்பும். உடம்பின் எந்தப் பகுதியும் அடியில் போகக் கூடாது.

சில காரில் நட்டு எல்லாம் கழற்றிய பிறகும் துரு பிடித்து வீல் வராது. இழுத்து ஆட்டாதீர்கள், நட்டுகளைக் கையால் லேசாகத் திருகி வைத்துவிட்டுக் காரை இறக்குங்கள், பிறகு டயரின் பக்கத்தில் குதிகாலால் இரண்டு மூன்று உதை விடுங்கள், விட்டுவிடும். மாட்டும்போது அடுத்தடுத்த நட்டாக இறுக்காமல் எதிரெதிர் நட்டாக இறுக்க வேண்டும், கடைசி இறுக்கம் டயர் தரையில் பட்ட பிறகு. எவ்வளவு இறுக்கம்? பெரும்பாலான சின்னக் கார்களுக்கு சுமார் 100 நியூட்டன் மீட்டர், அதாவது 40 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் ஏறக்குறைய 25 கிலோ அளவு அழுத்தம். ஏறி நின்று குதிக்க வேண்டியதில்லை, குதித்தால் போல்ட் இழுபட்டுவிடும். 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

பேட்டரி விஷயத்தில் கருவியைவிட முக்கியம், சாவியைத் திருப்பும்போது என்ன கேட்கிறது என்று கவனிப்பது. டக் டக் டக் என்று வேகமாகச் சத்தம் வந்து டேஷ்போர்டு விளக்கு மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கிறது. விளக்கெல்லாம் பளிச்சென்று இருந்து ஒரே ஒரு டக் மட்டும் வந்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் சந்தேகப்படுங்கள். இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியில் குறையே இல்லை, ஜம்ப், அதாவது வேறு பேட்டரியிலிருந்து கரண்ட், எவ்வளவு கொடுத்தாலும் வீண். முதல் வகையில், ஜம்பர் கேபிளைத் தேடுவதற்கு முன் பானெட்டைத் திறந்து இரண்டு டெர்மினலையும் கையால் ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் இறுக்கினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவித் துடையுங்கள், வழியில் சுடுதண்ணீருக்கு எங்கே போக என்றால் எந்த டீக்கடையிலும் கிடைக்கும்.

ஜம்பர் கேபிள் வாங்கும்போது மலிவானதைத் தொடாதீர்கள். வெளியே தடியாக ரப்பர், உள்ளே நூல் மாதிரி கம்பி, அதுவும் செம்புப் பூச்சு போட்ட அலுமினியம், அதில் ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் போகாது, கேபிள்தான் சூடாகும். சின்ன பெட்ரோல் காருக்கு 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, டீசலுக்கு 25. மாட்டும் வரிசை: உங்கள் பேட்டரியின் பிளஸ், உதவிக்கு வந்த காரின் பிளஸ், அந்தக் காரின் மைனஸ், கடைசி கிளிப்பை உங்கள் பேட்டரி மைனஸில் மாட்டாமல் இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு இரும்புப் பகுதியில். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் பக்கத்தில் தீப்பொறி பறக்கக் கூடாது என்பதற்காக அப்படி. ஐந்து நிமிடம் அந்தக் காரை ஓடவிட்டுவிட்டு உங்களுடையதை ஸ்டார்ட் செய்யுங்கள், பிறகு தலைகீழ் வரிசையில் கழற்றுங்கள். கிளம்பியதும் டீ குடிக்க நிறுத்திவிடாதீர்கள், அரை மணி நேரமாவது ஓடட்டும். கையடக்க லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டரை இப்போது நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள், அடுத்த காரை எதிர்பார்க்க வேண்டாம் என்பதால் குடும்பத்தோடு ராத்திரியில் போகிற உங்களுக்கு அது நல்ல தேர்வுதான். ஆனால் நம் வெயிலில் மூடிய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தொடும், லித்தியம் பேட்டரியை அங்கே நிரந்தரமாக வைக்கக் கூடாது. பயணத்தன்று வீட்டிலிருந்து எடுத்துப் போய், திரும்பியதும் வீட்டிலேயே வையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சார்ஜ் ஏற்றுங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியர் காருக்கு மட்டும்தான், அதுவும் பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால்தான். முற்றிலும் இறங்கிவிட்டால் ஃபியூயல் பம்பும் கம்ப்யூட்டரும் வேலை செய்யாது, எவ்வளவு தள்ளினாலும் பிடிக்காது.

டெம்பரேச்சர் முள் ஏறினால், அல்லது சிவப்பு விளக்கு எரிந்தால், ஏசியை நிறுத்திவிட்டு ஹீட்டரை முழுதாகப் போடுங்கள். வெயிலில் அது கொடுமைதான், ஆனால் இன்ஜின் சூட்டில் ஒரு பகுதியை அது வெளியே எடுக்கும், பத்திரமான இடத்துக்கு ஒதுங்கும் வரை தாங்கும். ஒதுங்கியதும் இன்ஜினை அணைத்துவிட்டு அரை மணி, முக்கால் மணி காத்திருக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருப்பதால்தான் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது, மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் விட்டுப் போய் மொத்தமும் ஒரே சமயத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு, தடித்த துணியைப் போட்டு மெதுவாகத் திறந்து, குறைந்திருப்பதை நிரப்புங்கள். டிக்கியில் ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், இதற்கும் ஆகும், கை கழுவவும் ஆகும். சாதாரணத் தண்ணீர் ஊற்றினால் இன்ஜின் கெட்டுவிடாதா என்றால், அவசரத்துக்கு ஊற்றலாம், ஊருக்கு வந்ததும் கூலண்ட்டை முழுதாக மாற்றிவிட வேண்டும். ஹோஸில் விரிசல் விட்டு ஒழுகினால், தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் சிலிகான் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றினால் கொஞ்ச தூரம் போகலாம். சாதாரண இன்சுலேஷன் டேப் அந்தச் சூட்டில் நிற்காது. தண்ணீர் சரியாக இருந்தும் சூடாகிறது, ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை என்றால் ஃபேன் ஃபியூஸைப் பாருங்கள், அது நன்றாக இருந்தால் ஃபேனின் ரிலே, அதாவது அதற்குக் கரண்டை விட்டு நிறுத்தும் சின்னப் பெட்டி மாதிரி சுவிட்ச், போயிருக்கலாம். அதே மாதிரி இருக்கிற வேறு ரிலேயை, பல கார்களில் ஹாரன் ரிலே பொருந்தும், கழற்றி அங்கே மாட்டிப் பாருங்கள்.

ஃபியூஸ் என்றதும் ஒன்று. நிறத்தை வைத்தே ஆம்பியர் சொல்லிவிடலாம்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. ஒவ்வொன்றிலும் இரண்டு வையுங்கள், உங்கள் காரில் இருக்கும் அளவு மினியா அதற்கும் சின்னதா என்று ஒன்றைக் கழற்றிக் கடைக்கே எடுத்துப் போங்கள். 10 எரிந்த இடத்தில் 20 போடுவதும், சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளைச் சுற்றிப் போடுவதும் காரைக் கொளுத்துகிற வேலை. அதே ஃபியூஸ் திரும்ப எரிந்தால் எங்கேயோ வயர் உரசுகிறது என்று அர்த்தம், எலி கடித்திருக்கலாம், நம் ஊரில் இதுதான் அதிகம். அந்த இணைப்பு இல்லாமலே ஓட்ட முடியுமானால் ஓட்டி வந்து எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

சில்லறைச் சாமான்: 8-லிருந்து 13 மில்லிமீட்டர் வரை நாலைந்து டபுள் என்ட் ஸ்பேனர், இரண்டு பக்கமும் மாற்றிப்போடும் ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், கத்தி, இன்சுலேஷன் டேப், கட்டுக்கம்பி கொஞ்சம், ரப்பர் பூசிய கையுறை, பழைய துணி, உட்கார ஒரு ரப்பர் மேட், மழைக்கோட்டு. கேபிள் டை ஒரு கட்டு கட்டாயம். வேகத்தடையிலோ தேங்கிய தண்ணீரிலோ அடிபட்டு இன்ஜின் அடிக் கவரோ பம்பர் ஓரமோ தொங்கி ரோட்டில் இழுபடுவது அடிக்கடி நடக்கிறது, இரண்டு கேபிள் டை போட்டால் வீடு வந்து சேரலாம். வெளிச்சத்துக்குத் தலையில் மாட்டும் டார்ச் வாங்குங்கள். போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நட்டு கழற்றுவதும் கஷ்டம், அந்த நேரத்தில் போன் சார்ஜும் முக்கியம்.

பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் சாவிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி, பெரும்பாலும் சிஆர் 2032, ஒன்று பர்ஸில் இருக்கட்டும். அது தீர்ந்துபோனால் கார் திறக்காது, பதற வேண்டாம், சாவிக்குள்ளேயே ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், அதை உருவிக் கதவைத் திறக்கலாம். பிறகு சாவியை ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல கார்கள் கிளம்பும், உங்கள் காரில் எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று மேனுவலில் இருக்கும்.

காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். ஆர்வம் இருந்தால் வாங்குங்கள், அவசரம் இல்லை. விளக்கின் நிறம் தெரிந்தால் போதும். மஞ்சளில் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்க் காட்டலாம், அதுவே கண்சிமிட்டினால் ஓட்டாதீர்கள். சிவப்பில் ஆயில் கேன் விளக்கு எரிந்தால் அடுத்த ஊர், அடுத்த பங்க் என்று நினைக்காமல் அந்த இடத்திலேயே இன்ஜினை அணைக்க வேண்டும், ஆயில் அழுத்தம் இல்லாமல் ஒன்றிரண்டு நிமிடம் ஓடினாலே இன்ஜின் ஜாம் ஆகிவிடும்.

ஒரு கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான் வையுங்கள், டிக்கியில் இல்லை, முன் சீட்டுக்கு அடியில், உருளாமல் கட்டி. பானெட்டுக்குள் புகை வந்தால் இன்ஜினை அணைத்து எல்லாரையும் இறக்கிவிட்டு, பானெட்டை முழுதாகத் திறக்காமல் லீவரை மட்டும் இழுத்து, அந்தச் சின்ன இடைவெளி வழியாக அடிக்க வேண்டும். முழுதாகத் திறந்தால் காற்று புகுந்து குபீரென்று பற்றும். தீ பெரிதாகிவிட்டால் சண்டை போடாதீர்கள், தள்ளிப் போய்விடுங்கள்.

இழுத்துப் போகும் கயிறு எனக்குப் பெரிதாக உடன்பாடு இல்லாத பொருள். இன்ஜின் ஓடாத காரில் பிரேக் பெடல் மிதிக்க முடியாதபடி கல்லாக இறுகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும், பழக்கம் இல்லாதவர் பின்னால் உட்கார்ந்து வந்தால் முன் வண்டியில்தான் போய் இடிப்பார். ஆட்டோமேட்டிக் காரை, இன்ஜின் சுழற்றுகிற சக்கரங்கள் தரையில் உருள இழுத்தால் கியர்பாக்ஸும் போகும். இன்ஷூரன்ஸில் ரோட்டோர உதவிக்கான கூடுதல் கவர் எடுத்துவிடுங்கள், காரை முழுதாக மேலே ஏற்றிக்கொண்டு போகும் பிளாட்பெட் லாரி வரும். அந்தக் கொக்கி மட்டும், பம்பரில் மூடியைத் திறந்து திருகுகிற இரும்பு வளையம், உங்கள் டூல் பையில் இருக்கிறதா என்று பாருங்கள், பிளாட்பெட்டில் ஏற்றவும் அது வேண்டும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் அது இடது பக்கமாகத் திருக வேண்டியது, தெரியாமல் மறை கழன்றதாக நினைத்துவிடுவார்கள்.

தேசிய நெடுஞ்சாலையில் எந்த இடத்திலிருந்தும் 1033-க்கு அழைக்கலாம், ரோந்து வண்டி, கிரேன், ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் அதுதான். விபத்து, உயிர் ஆபத்து என்றால் 108 அல்லது 112. எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டால் “மதுரை தாண்டி” என்று சொல்லாதீர்கள், பக்கத்துக் கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் எந்த ஊர் நோக்கிப் போகும் பக்கம் என்பதையும் சொல்லுங்கள், நடுவில் தடுப்பு இருப்பதால் எதிர்ப் பக்கம் வந்துவிட்டால் அவர்கள் திரும்ப வெகுதூரம் போக வேண்டும். இந்த எண்களையும் இன்ஷூரன்ஸ் உதவி எண்ணையும் ஒரு தாளில் எழுதி சன் வைசரில் செருகி வையுங்கள். உங்கள் போன் அணைந்துபோனாலும் அம்மா யாரிடமாவது காட்டிப் பேசச் சொல்லலாம்.

எங்கே வைப்பது என்பதும் யோசிக்க வேண்டியது. ஹேட்ச்பேக்கில் ஊருக்குப் போகும்போது டிக்கி நிறைய பெட்டி, மூட்டை, அரிசி எல்லாம் ஏற்றியிருப்பீர்கள், ஸ்டெப்னியும் ஜாக்கியும் அத்தனைக்கும் அடியில். அதனால் ராத்திரிப் பயணத்துக்கு முக்கோணம், டார்ச், கம்ப்ரெஸர், பஞ்சர் கிட் இவற்றை ஒரு துணிப்பையில் போட்டு முன் சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். கேனில் பெட்ரோல், கேஸ் லைட்டர், ஸ்பிரே பாட்டில், பவர் பேங்க், சானிட்டைசர் எதுவும் வெயிலில் நிற்கிற காருக்குள் கிடக்கக் கூடாது.

பணம் ஒரே தடவையில் போட முடியாது என்றால் வரிசை இது: வெஸ்ட்டும் தலை டார்ச்சும், கம்ப்ரெஸரும் பஞ்சர் கிட்டும், நீள வீல் ஸ்பேனரும் பலகையும், அப்புறம் தீயணைப்பான், ஜம்ப் ஸ்டார்ட்டர், மீதி எல்லாம் மெதுவாக. பங்க்கில் காற்று பார்க்கும்போது ஸ்டெப்னியையும் வெளியே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பையன் அலுத்துக்கொண்டாலும் விடாதீர்கள். அப்படியே கூலண்ட் அளவையும் தீயணைப்பான் முள் பச்சையில் நிற்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம்.